போட்டியாளர் விலகினால் யாருக்கு லாபம்? பிரைமரி தேர்தலின் கூட்டல் கழித்தல் கணக்கு

2016ஆம் ஆண்டு, பிப்ரவரி 6. அமெரிக்காவின் நியூ ஹேம்ப்ஷியர் மாநிலத்தில் குடியரசுக் கட்சி வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதம். ஐந்து நாளுக்கு முன்புதான் அயோவா மாநிலத்தில் 23 விழுக்காடு வாக்குகளுடன் மூன்றாவதாக வந்து, எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்திருந்தார் செனட்டர் மார்கோ ரூபியோ. அவரை மேடையில் பிடித்துக்கொண்டார் நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி. மனப்பாடம் செய்ததைத்தான் ஒப்பிக்கிறீர்கள் என்று குற்றஞ்சாட்டினார். ரூபியோ என்ன செய்தார் தெரியுமா? பதில் சொல்கிறேன் என்று, அதிபர் ஒபாமாவைப் பற்றிய அதே வாக்கியத்தைக் கிட்டத்தட்ட அப்படியே திரும்பத் திரும்பச் சொன்னார். கிறிஸ்டிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

மூன்று நாள் கழித்து வாக்களிப்பு. ரூபியோ ஐந்தாவது இடத்துக்குச் சரிந்தார். சரி, அடித்தவருக்கு என்ன கிடைத்தது? கிறிஸ்டி ஆறாவது. 7 விழுக்காடுதான். மறுநாளே போட்டியிலிருந்து விலகினார். அந்த மாநிலத்தை வென்றவர், அந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாத டோனல்ட் டிரம்ப். அதுவும் 35 விழுக்காட்டுடன்.

ஒருவர் இன்னொருவரை வீழ்த்துகிறார். பலன் மூன்றாமவருக்குப் போகிறது. பிரைமரி தேர்தலில் இது அடிக்கடி நடக்கும். ஏன் என்று பார்ப்போம்.

பிரைமரி என்றால் என்ன?

நம் ஊரில் ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்யும். வேட்புமனுத் தாக்கலுக்குக் கொஞ்ச நாள் முன்பு வெள்ளைச் சட்டையோ நீலச் சட்டையோ போட்டுக்கொண்டு புதுமுகங்கள் அறிமுகமாவார்கள். நமக்கு அப்போதுதான் தெரியும். அமெரிக்காவில் அப்படி இல்லை. கட்சியின் வேட்பாளராக யார் நிற்க வேண்டும் என்பதற்கே ஒரு தேர்தல் நடக்கும். அதுதான் பிரைமரி. சில மாநிலங்களில் அந்தக் கட்சியின் பெயரில் பதிந்துகொண்டவர்கள் மட்டும் வாக்களிக்கலாம். சில மாநிலங்களில் யார் வேண்டுமானாலும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பொதுத்தேர்தலில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு கட்சி பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது. பிரைமரியில் நிற்கும் எல்லாரும் ஒரே கட்சி. கொள்கையில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் வாக்காளருக்கு ஒருவரைப் பிடிக்கும், இன்னொருவரையும் கொஞ்சம் பிடிக்கும், மூன்றாமவர் வந்தாலும் பரவாயில்லை என்று தோன்றும். யாராவது விலகினால் அல்லது சறுக்கினால் அந்த வாக்கு லேசாக இடம் மாறிவிடும். மற்ற தேர்தல்களைவிட பிரைமரியில் போட்டியாளர்கள் ஒருவரையொருவர் அதிகம் பாதிப்பதற்கு இதுதான் காரணம்.

சப்பருக்கு எங்கே போகலாம்?

வாட்ஸ்அப் குழுவில் 20 நண்பர்கள். ராத்திரி சப்பருக்கு என்ன சாப்பிடலாம்னு வாக்கெடுப்பு. பிரியாணிக்கு 8, பரோட்டாவுக்கு 7, தோசைக்கு 5. பிரியாணி வென்றது. ஆனால் தோசை கேட்ட ஐந்து பேரும் "தோசை இல்லேன்னா பரோட்டா" என்ற கட்சி என்று வைத்துக்கொள்வோம். தோசை பட்டியலிலேயே இல்லாமல் இருந்திருந்தால் பரோட்டா 12, பிரியாணி 8. அதாவது தோசை வெல்லவும் இல்லை, ஆனால் யார் வெல்வது என்பதை மாற்றிவிட்டது.

இப்போது பரோட்டா கோஷ்டி என்ன செய்யலாம்? தோசையைப் பற்றி மோசமாகப் பேசி அந்த ஐந்து வாக்கை இழுக்கப் பார்க்கலாம். அது எதிர்மாறாகவும் முடியலாம். "எங்க தோசையைக் கிண்டல் பண்றீங்களா?" என்று கடுப்பாகி இரண்டு பேர் பிரியாணிக்குத் தாவினால் போதும், பரோட்டா கதை முடிந்தது. மீதி மூன்று பேரும் வந்தாலும் 10க்கு 10தான். கிறிஸ்டியும் ரூபியோவும் செய்தது கிட்டத்தட்ட இந்தச் சண்டைதான்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு இது புதுசு இல்லை. 2011 அதிபர் தேர்தலில் நான்கு பேர், நால்வரின் குடும்பப் பெயரும் டான். டாக்டர் டோனி டான் 35.20 விழுக்காடு, டாக்டர் டான் செங் போக் 34.85 விழுக்காடு. வித்தியாசம் 7,400 வாக்குகூட இல்லை. மூன்றாவதாக வந்த திரு டான் ஜீ சே பெற்றது அரை மில்லியனுக்கும் மேல். நான்காவதாக வந்த திரு டான் கின் லியான் பெற்றது சுமார் 5 விழுக்காடு. மூன்றாமவரோ நான்காமவரோ நிற்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று ராத்திரி கோப்பிக் கடைகளில் இதைப் பற்றிப் பேசாத மேசை இருந்திருக்காது. மலேசியாவில் இதற்கென்றே ஒரு சொல் பழக்கத்தில் இருக்கிறது: மும்முனைப் போட்டி.

விதி மாறினால் விளைவும் மாறும்

மறுபடியும் 2016க்கு வருவோம். குடியரசுக் கட்சியில் பெரிய பெயர்களாக 17 பேர் களமிறங்கியிருந்தார்கள். டிரம்ப் நியூ ஹேம்ப்ஷியரில் 35 விழுக்காடு எடுத்தபோது அந்த மாநிலத்தின் 23 பேராளர்களில் அவருக்கு 11 பேர் கிடைத்தார்கள். (பேராளர் என்பவர் கட்சி மாநாட்டில் அந்த வேட்பாளருக்காக வாக்களிப்பவர். கடைசியில் எண்ணப்படுவது பேராளர்களைத்தான்.) பதினொரு நாள் கழித்து சவுத் கேரோலைனாவில் அவர் எடுத்தது 32.5 விழுக்காடு, முன்பைவிடக் குறைவு. ஆனால் கிடைத்த பேராளர்கள் 50க்கு 50. மொத்தமும்!

காரணம் விதி. நியூ ஹேம்ப்ஷியரில் வாக்கு விகிதப்படி பேராளர்கள் பிரிக்கப்படுவார்கள். சவுத் கேரோலைனாவில் முதலிடம் வந்தவருக்கே எல்லாம். மாநில அளவில் ஒரு பங்கு, ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பங்கு என்று பிரித்திருந்தாலும், டிரம்ப் எல்லாத் தொகுதியிலும் முதலிடம் வந்துவிட்டார். ரூபியோவும் டெட் குரூஸும் ஆளுக்கு 22 விழுக்காடு எடுத்தார்கள். அதற்குப் பலன்? பூஜ்யம்.

போட்டியாளர்கள் நிறைய பேர், விதியோ "முதலிடத்துக்கே எல்லாம்". இந்த இரண்டும் சேரும்போதுதான் வாக்குப் பிரிவு உண்மையில் வலிக்கும். விகிதாசார விதியில் அவ்வளவாக வலிக்காது.

"அவ்வளவாக" என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஜனநாயகக் கட்சி விகிதாசார விதியைத்தான் பின்பற்றுகிறது, ஆனால் ஒரு வாசற்படி வைத்திருக்கிறது: 15 விழுக்காடு. அதற்குக் கீழே எடுத்தால் பேராளரே கிடையாது. 2020 நியூ ஹேம்ப்ஷியர் பிரைமரியில் எலிசபெத் வாரன் 9.2 விழுக்காடு, ஜோ பைடன் 8.4 விழுக்காடு. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 18 விழுக்காடு வாக்காளர்கள். அவர்களுக்காக மாநாட்டுக்குப் போன பேராளர் ஒருவர்கூட இல்லை. இருந்த 24 பேரையும் பெர்னி சாண்டர்ஸ் (9), பீட் புட்டிஜஜ் (9), ஏமி குளோபுஷார் (6) மூவரும் பிரித்துக்கொண்டார்கள். ஆக, 14 விழுக்காட்டில் நிற்கும் போட்டியாளர் உங்களுக்கு நண்பர் மாதிரி. அவருடைய பங்கு உங்களுக்கு வந்து சேரும். அவரே 16க்கு ஏறிவிட்டால் உங்கள் தட்டிலிருந்து எடுத்துக்கொள்வார்.

எல்லாரும் யோசிக்கிறார்கள், யாரும் விலகுவதில்லை

இந்தக் கணக்கு 2016இல் குடியரசுக் கட்சிக்காரர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். டிரம்ப்பை நிறுத்த வேண்டுமானால் மற்றவர்களில் ஒருவர் மட்டும் மிஞ்ச வேண்டும் என்று தினமும் பேசினார்கள். பிரச்சினை, "அந்த ஒருவர் நான்தான்" என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

ஜெப் புஷ்ஷை ஆதரித்த அமைப்பு 100 மில்லியன் டாலருக்கும் மேல் திரட்டியிருந்தது. அதில் கணிசமான தொகை டிரம்ப்பைத் தாக்கச் செலவாகவில்லை. ரூபியோவைத் தாக்கச் செலவானது. கேட்க முட்டாள்தனமாக இருக்கும். ஆனால் புஷ் தரப்பில் இருந்து பாருங்கள். இருவரும் ஃபுளோரிடாக்காரர்கள், இருவரும் கேட்பது ஒரே மாதிரி வாக்காளர்களிடம். டிரம்ப் ஆதரவாளர் புஷ் பக்கம் வருவது அபூர்வம், ரூபியோ ஆதரவாளர் வரலாம். எதிரியைவிடப் பக்கத்துக் கடைக்காரர்தான் வியாபாரத்தைக் கெடுப்பவர்.

மார்ச் 15ஆம் தேதி ஃபுளோரிடாவும் ஒஹாயோவும் ஒரே நாளில் வாக்களித்தன. ஒஹாயோவில் டிரம்ப்பைத் தோற்கடிக்க வேண்டுமானால் அங்கே ஆளுநராக இருக்கும் ஜான் கேசிக்குக்கு வாக்களியுங்கள் என்று ரூபியோ தரப்பே சொன்னது. பதிலுக்கு ஃபுளோரிடாவில் எங்களுக்கு உதவுங்கள் என்ற எதிர்பார்ப்பு அதில் இருந்தது. கேசிக் தரப்பு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. முடிவு: ஒஹாயோவைக் கேசிக் வென்றார். ஃபுளோரிடாவில் டிரம்ப் 45.7 விழுக்காட்டுடன் 99 பேராளர்களையும் அள்ளிக்கொண்டார். ரூபியோ சொந்த மாநிலத்தில் தோற்று அன்றிரவே விலகினார்.

ஏப்ரல் 24ஆம் தேதி குரூஸும் கேசிக்கும் ஒருவழியாக ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இண்டியானாவைக் கேசிக் விட்டுக்கொடுப்பார். ஆரிகனையும் நியூ மெக்சிகோவையும் குரூஸ் விட்டுக்கொடுப்பார். ஒப்பந்தம் ஒருநாள்கூட முழுசாகத் தாங்கவில்லை. இண்டியானாவில் இருக்கும் என் ஆதரவாளர்கள் எனக்குத்தான் வாக்களிக்க வேண்டும் என்று மறுநாளே செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார் கேசிக்! மே 3ஆம் தேதி இண்டியானாவில் டிரம்ப்புக்கு 53 விழுக்காடு, குரூஸுக்கு 37, கேசிக்குக்கு 8. குரூஸ் அன்றிரவும் கேசிக் மறுநாளும் விலகினார்கள்.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். "வாக்கு பிரிஞ்சதால்தான் டிரம்ப் ஜெயிச்சார்" என்று சொல்பவர்கள் சவுத் கேரோலைனாவைக் காட்டுவார்கள். இண்டியானாவைப் பாருங்கள். குரூஸ், கேசிக் இருவர் வாக்கையும் கூட்டினாலும் டிரம்ப்பை எட்டாது. ஆரம்பத்தில் வாக்குப் பிரிவு அவருக்கு உதவியது. ஆனால் மற்றவர்கள் விலக விலக, அவர்களின் ஆதரவாளர்களில் ஒரு பகுதி அவர் பக்கமும் வந்தது. கிறிஸ்டியே பிப்ரவரி 26ஆம் தேதி டிரம்ப்புக்கு ஆதரவு தெரிவித்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்று நாளில் தலைகீழ்

2020இல் ஜனநாயகக் கட்சியிலும் இதே நிலைமை வந்தது. முதல் மாநிலங்களில் சாண்டர்ஸ் முன்னணி. பைடன், புட்டிஜஜ், குளோபுஷார், மைக்கல் புளூம்பர்க் ஆகியோர் மிதவாத வாக்குகளைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். 2016 கதை மறுபடியும் நடக்கப்போகிறது என்று பலர் எழுதினார்கள்.

நடந்தது வேறு. பிப்ரவரி 29ஆம் தேதி சவுத் கேரோலைனாவில் பைடன் 48 விழுக்காட்டுக்கு மேல் எடுத்து வென்றார். மறுநாள் புட்டிஜஜ் விலகினார். அதற்கு மறுநாள் குளோபுஷார் விலகினார். இருவரும் அன்றே டெக்சஸில் பைடனுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். அதற்கு மறுநாள், மார்ச் 3, 14 மாநிலங்கள் ஒரே நேரத்தில் வாக்களிக்கும் 'சூப்பர் செவ்வாய்'. பத்து மாநிலங்கள் பைடனுக்கு. அவற்றில் ஒன்று குளோபுஷாரின் சொந்த மாநிலமான மினசோட்டா. அவர் விலகியிருக்காவிட்டால் அங்கே முதலிடத்துக்கு மோதியிருப்பவர் அவரேதான்.

2016க்கும் 2020க்கும் என்ன வித்தியாசம்? விலகியவர்கள் நல்லவர்கள், விலகாதவர்கள் சுயநலக்காரர்கள் என்று சொல்லிவிடலாம். அது அவ்வளவு சரியில்லை என்பது என் கருத்து. 2016இல் யார் முன்னால் போக வேண்டும் என்பதை எந்த மாநிலமும் தெளிவாகச் சொல்லவில்லை. ரூபியோவும் குரூஸும் 22க்கு 22. 2020இல் சவுத் கேரோலைனா சத்தமாகச் சொல்லிவிட்டது. யாருக்கு வழிவிட வேண்டும் என்று தெரிந்தால் விலகுவது சுலபம்.

ஒரு சங்கடமும் இருந்தது. பல மாநிலங்களில் முன்கூட்டியே வாக்களிக்கலாம். புட்டிஜஜுக்கும் குளோபுஷாருக்கும் ஏற்கெனவே வாக்கைப் போட்டவர்களால் அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. கடைசி நேரத்தில் விலகினால் வாக்கு இடம் மாறாது, அப்படியே வீணாகும்.

"அவர் வாக்கு எல்லாம் இவருக்குத்தான்"... நிஜமாகவா?

இந்த மாதிரி அலசல்களில் அதிகம் ஏமாற்றுவது வெறும் கூட்டல். 2020இல் மாசசூசெட்ஸ் முடிவைப் பாருங்கள்: பைடன் 33, சாண்டர்ஸ் 27, வாரன் 21. வாரனும் சாண்டர்ஸும் இடதுசாரிப் பக்கம். 27ஐயும் 21ஐயும் கூட்டினால் 48. "வாரன் விலகியிருந்தால் சாண்டர்ஸ் வென்றிருப்பார்!" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாரன் ஆதரவாளர்களின் இரண்டாவது விருப்பம் சாண்டர்ஸ் பக்கமும் பைடன் பக்கமும் பிரிந்திருப்பதாகத்தான் அந்தக் காலத்துக் கருத்துக்கணிப்புகள் காட்டின. 21 விழுக்காடு அப்படியே ஒரு பக்கம் நகர்ந்திருக்காது.

இன்னொரு ஆச்சரியம்: 2019இல் மார்னிங் கன்சல்ட் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகளில், பைடன் ஆதரவாளர்களிடம் இரண்டாவது விருப்பம் யார் என்று கேட்டபோது மாதக்கணக்கில் முதலிடத்தில் வந்த பெயர் சாண்டர்ஸ். கொள்கையில் இருவரும் எதிர் எதிர் ஓரம். அரசியல் விமர்சகர்கள் இடது, வலது, மிதவாதம் என்று பாதை பிரித்துப் பார்க்கிறார்கள். சாதாரண வாக்காளரோ தெரிந்த முகமா, நம்பலாமா, ஜெயிப்பாரா என்று பார்க்கிறார். நீங்களும் பள்ளியிலோ கல்லூரியிலோ மாணவர் தலைவருக்கு வாக்களித்தபோது கொள்கை விளக்க அறிக்கையைப் படித்துவிட்டா வாக்களித்தீர்கள்?

அடித்தவரும் விழுவார்

கிறிஸ்டி-ரூபியோ கதைக்கு ஓர் அண்ணன் கதை இருக்கிறது. 2004 அயோவா. ஜனநாயகக் கட்சியில் ஹாவர்ட் டீனும் டிக் கெப்ஹார்ட்டும் முன்னணியில் இருந்தார்கள். இருவரும் விளம்பரங்களில் ஒருவரையொருவர் சாத்திக்கொண்டார்கள். வாக்காளர்கள் இரண்டு பேரையும் பார்த்து அலுத்துப்போய் வேறு பக்கம் திரும்பினார்கள். ஜான் கெரி 38 விழுக்காடு, ஜான் எட்வர்ட்ஸ் 32, டீன் 18, கெப்ஹார்ட் 11. கெப்ஹார்ட் உடனே விலகினார். கெரி கடைசியில் கட்சியின் அதிபர் வேட்பாளரானார்.

2020லும் பிப்ரவரி 19 விவாதத்தில் வாரன் புளூம்பர்க்கை வறுத்தெடுத்தார். புளூம்பர்க் அதிலிருந்து மீளவே இல்லை. சொந்தப் பணத்தில் 500 மில்லியன் டாலருக்கும் மேல் செலவழித்தும் சூப்பர் செவ்வாயில் அவர் வென்றது அமெரிக்கச் சமோவா என்ற சின்ன தீவுப் பகுதியை மட்டும்தான். வாரனுக்கு லாபம்? மூன்று நாள் கழித்து நெவாடாவில் நான்காவது இடம். மிதவாதப் பக்கத்தில் பைடனுக்குத்தான் இடம் காலியானது.

இரண்டு பேர் மட்டும் போட்டியிட்டால் எதிரியின் நஷ்டம் உங்கள் லாபம். மூன்றாவது ஆள் வந்துவிட்டால் அந்த உத்தரவாதம் போய்விடுகிறது. பிரைமரியில் பின்தங்கியவர்கள் பல நேரம் முன்னணியில் இருப்பவரைத் தொடாமல் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்வதைப் பார்த்தால், இதைத் தெரிந்துகொண்டும் செய்கிறார்களே என்று தோன்றும்.

எதிரியை நீங்களே தேர்ந்தெடுக்கலாமா?

கலிஃபோர்னியாவில் விதியே வேறு. எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே வாக்குச்சீட்டில் இருப்பார்கள். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நவம்பர் தேர்தலுக்குப் போவார்கள், இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும் சரி.

2012இல் அந்த மாநிலத்தின் 31ஆவது நாடாளுமன்றத் தொகுதியில் ஜனநாயகக் கட்சியினர் நான்கு பேர், குடியரசுக் கட்சியினர் இரண்டு பேர் நின்றார்கள். ஜனநாயகக் கட்சியினர் நால்வரின் வாக்குகளைக் கூட்டினால் ஏறத்தாழ பாதி. ஆனால் நான்காகப் பிரிந்ததால் அவர்களில் அதிகம் எடுத்த பீட் அகிலாருக்குக் கிடைத்தது 22.6 விழுக்காடு. குடியரசுக் கட்சியினர் இருவர் 26.7, 24.8. முதல் இரண்டு இடமும் அவர்களுக்கே. அதே நவம்பரில் அதிபர் தேர்தலில் ஒபாமா சுலபமாக வென்ற தொகுதி அது. ஆனால் நாடாளுமன்ற இடத்துக்கு வாக்களிக்க ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர்கூட வாக்குச்சீட்டில் இல்லை!

2024இல் இன்னும் சுவாரஸ்யம். செனட் இடத்துக்கு ஆடம் ஷிஃப், கேட்டி போர்ட்டர், பார்பரா லீ என்று ஜனநாயகக் கட்சியின் மூன்று பெரிய பெயர்கள். குடியரசுக் கட்சியிலிருந்து முன்னாள் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் கார்வி. ஷிஃப் தரப்பு கார்வியைப் பற்றி ஏகப்பட்ட விளம்பரம் போட்டது: இவர் ரொம்பவே பழமைவாதி, டிரம்ப் ஆதரவாளர் என்று. பார்க்கத் தாக்குதல் மாதிரி இருக்கும். ஆனால் குடியரசுக் கட்சி வாக்காளர்களுக்கு அது பரிந்துரை மாதிரி கேட்டது. கார்வி இரண்டாவது இடம் வந்தால் நவம்பர் போட்டி சுலபம். போர்ட்டர் வந்தால் கஷ்டம். ஷிஃப்பின் கணக்கு அதுதான். கார்வி வந்தார், போர்ட்டர் 15 விழுக்காட்டுடன் வெளியேறினார், நவம்பரில் ஷிஃப் சுலபமாக வென்றார். போர்ட்டர் பாவம் என்று நினைக்காதீர்கள். அவரும் குடியரசுக் கட்சியின் இன்னொருவரைத் தூக்கிவிட்டுக் கார்வியின் வாக்கைப் பிரிக்க அதே வகை விளம்பரம் போட்டுப் பார்த்தவர்தான். பலிக்கவில்லை.

இரண்டாம் சுற்று, வரிசை வாக்கு

இதற்கெல்லாம் மருந்து இல்லையா? இருக்கிறது. பழைய மருந்து, இரண்டாம் சுற்று. டெக்சஸில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவர் மறுபடியும் மோதுவார்கள். 2012 செனட் பிரைமரியில் முதல் சுற்றில் துணை ஆளுநர் டேவிட் டூஹர்ஸ்ட் 44.6, டெட் குரூஸ் 34.2. இரண்டாம் சுற்றில் குரூஸ் 56.8. ஒரே சுற்றோடு முடிந்திருந்தால் 2016இல் குரூஸ் என்ற பெயரை நாம் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம்.

புது மருந்து, வரிசைப்படுத்தும் வாக்கு. நியூயார்க் நகரின் பிரைமரியில் 2021 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 1, 2, 3 என்று ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம். கடைசியில் இருப்பவர் நீக்கப்படுவார். அவருக்கு 1 போட்டவர்களின் வாக்கு அவரவர் 2ஆவது விருப்பத்துக்குப் போகும். சப்பர் உதாரணத்தில் தோசை நீக்கப்பட்டு ஐந்து வாக்கும் பரோட்டாவுக்குப் போவது மாதிரி.

2021 மேயர் பிரைமரியில் 13 பேர். கடைசி வார இறுதியில் ஆண்ட்ரூ யாங்கும் கேத்ரின் கார்சியாவும் சேர்ந்தே பிரசாரம் செய்தார்கள். எனக்கு 1, கார்சியாவுக்கு 2 போடுங்கள் என்றார் யாங். கார்சியா பதிலுக்கு அப்படிச் சொல்லவில்லை. முதல் எண்ணிக்கையில் கார்சியா மூன்றாவது. யாங் நீக்கப்பட்டு அவர் வாக்குகள் பிரிந்தபோது மாயா வைலியை முந்தி இரண்டாமிடத்துக்கு வந்தார். கடைசிச் சுற்றில் எரிக் ஆடம்ஸிடம் தோற்றார், 7,197 வாக்கு வித்தியாசத்தில். (2011 சிங்கப்பூர் கணக்குக்கு எவ்வளவு பக்கத்தில், பாருங்கள்.) அதே தேர்தலில் சுமார் 140,000 வாக்குச்சீட்டுகள் ஆடம்ஸ், கார்சியா இருவர் பெயரையுமே குறிக்காமல் கடைசிச் சுற்றுக்கு முன்பே எண்ணிக்கையிலிருந்து விழுந்துவிட்டன. "எனக்கு ஒருத்தரைத்தான் பிடிக்கும், மத்தவங்களை எதுக்கு எழுதணும்?" என்று நினைத்தவர்களும் அதில் அடக்கம்.

2025இல் வேட்பாளர்கள் பாடம் படித்திருந்தார்கள். ஸோரான் மம்தானியும் பிராட் லாண்டரும் வாக்களிப்புக்கு 11 நாள் இருக்கும்போது ஒருவருக்கொருவர் ஆதரவு கேட்டார்கள்: எங்கள் இருவரில் யாருக்கு 1 போட்டாலும் மற்றவருக்கு 2 போடுங்கள். போட்டியாளரைத் திட்டினால் அவர் ஆதரவாளரின் 2ஆவது வாக்கு போய்விடும் என்பதால் இந்த முறையில் நாக்கை அடக்கிக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கிறது. முதல் எண்ணிக்கையில் மம்தானி சுமார் 44, முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ 36, லாண்டர் 11. மற்றவர்கள் நீக்கப்பட்ட பிறகு மம்தானி 56, குவோமோ 44. கூர்ந்து பாருங்கள், மம்தானி முதல் எண்ணிக்கையிலேயே முன்னணியில்தான் இருந்தார். கூட்டணி அவரைப் பாதிக்கு மேலே கொண்டுபோனது. முதலிடத்துக்குக் கொண்டுவந்தது அது மட்டுமல்ல.

இந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. பிரைமரி இல்லை என்றாலும் 2022 ஆகஸ்ட் அலாஸ்கா இடைத்தேர்தலைச் சொல்லியாக வேண்டும். மேரி பெல்டோலா, சேரா பேலின், நிக் பேகிச். வாக்குச்சீட்டுத் தரவைப் பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டது: பேகிச் மற்ற இருவரையும் தனித்தனியே நேருக்கு நேர் வென்றிருப்பார். ஆனால் 1ஆம் விருப்பம் அவருக்குத்தான் குறைவு. அதனால் முதலில் நீக்கப்பட்டவர் அவர். பெல்டோலா வென்றார். பெரும்பாலாருக்கு இரண்டாவதாகப் பிடித்தவர் ஒன்றுமில்லாமல் போவது இந்த முறையிலும் நடக்கும்.

நியூயார்க் கதை ஜூனோடு முடியவில்லை. பிரைமரியில் தோற்ற குவோமோ நவம்பர் 4 பொதுத்தேர்தலில் சுயேச்சையாக நின்றார். பொதுத்தேர்தலில் வரிசை வாக்கு கிடையாது. குடியரசுக் கட்சியின் கர்ட்டிஸ் ஸ்லிவா விலகினால்தான் மம்தானியைத் தடுக்க முடியும் என்று அவர் மீது கடும் நெருக்குதல். ஸ்லிவா மறுத்துவிட்டார். முடிவு வந்ததும் சமூக ஊடகங்களில் ஒரு கூட்டம் ஸ்லிவாவைத் திட்டியது. மம்தானி 50 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்தார். குவோமோ சுமார் 41, ஸ்லிவா சுமார் 7. கூட்டிப் பாருங்கள்: 48தான்.